முகத்தில் ஏறிய காரம்

“ஆளு நல்ல மனுசன்தான். ஆனா மூஞ்சி எப்பவும் கடுகடுண்ணு இருக்கும்.”

குமரி மாவட்டத்தின் கோட்டாறு கடைத்தெருவிலோ வடசேரிச் சந்தையிலோ ஒருவரைப் பற்றி விசாரித்தால் இப்படி ஒரு பதில் வரக்கூடும். ‘கடுகடுவென்று’ என்பதை நாஞ்சில் நாட்டு வாய் ‘கடுகடுண்ணு’ என்று சுருக்கிக்கொள்கிறது. அந்த மனிதர் திட்டினார் என்று இதற்குப் பொருள் இல்லை. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருப்பார், கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்திருப்பார். ஆனால் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை வந்திருக்காது, புருவம் தளர்ந்திருக்காது. குற்றம் சாட்டவும் முடியாது, மறக்கவும் முடியாது. அப்படிப்பட்ட ஒரு நடத்தையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது இந்தச் சொல்.

ஆனால் இது முகத்துக்காகப் பிறந்த சொல் அல்ல. நாக்கிலும் தோலிலும் பிறந்து, அரசர் பெயர்களில் அமர்ந்து, பேச்சில் இறங்கி, கடைசியில்தான் முகத்துக்கு வந்தது.

இதன் வேர் ‘கடு’. நாக்கைச் சுரீரென்று பிடிக்கும் காரம் கடு. தேள் கொட்டிய விரலிலிருந்து மேலே ஏறும் வலி கடுப்பு. வயிற்றுக்கடுப்பு, நீர்க்கடுப்பு என்று நோய்களின் பெயரில் அது இன்றும் நிற்கிறது. வாயில் இட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் கடுக்காயின் பெயரிலும் கடு இருக்கிறது. பழந்தமிழில் நஞ்சுக்கே கடு என்று ஒரு பெயர் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பாட்டுக்கு மூன்று அறம் என்று நல்லாதனார் இயற்றிய கீழ்க்கணக்கு நூலுக்கும் அந்த மருந்தின் பெயர்தான். வடமொழியிலும் ‘கடு’ என்றால் காரம். எந்த மொழி எந்த மொழிக்குக் கொடுத்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டிலும் பொருள் நாக்கில்தான் தொடங்குகிறது.

சித்த வைத்தியமும் வர்மமும் இன்றும் புழங்குகிற குமரி மாவட்டத்தில் இந்தப் பழைய பொருள் பழசாகவே இல்லை. பால் விடாமல் கருப்பட்டி போட்டு இறக்குவது கடுங்காப்பி. மேற்கே போகப் போக, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துச் சாயாக்கடைகளில் ‘கடுப்பம்’ என்ற சொல் காதில் விழும். தேயிலைச் சாறு தூக்கலாக இறங்கியிருந்தால் சாயாவுக்குக் கடுப்பம் உண்டு என்பார்கள், குறைந்திருந்தால் கடுப்பம் போதாது என்பார்கள். விரும்பிக் கேட்டு வாங்கிக் குடிக்கும் கடுப்பு அது. மனிதனின் முகத்தில் வந்தால் வேண்டாத ஒன்று, குவளையில் வந்தால் வேண்டியதாக இருக்கிறது. ஒன்றின் தன்மை அளவுக்கு மேல் திரண்டு நிற்பதுதான் கடு. அது நல்லதா கெட்டதா என்பது எதில் திரண்டது என்பதைப் பொறுத்தது.

இந்தத் திரட்சிப் பொருள்தான் சொல்லை அரண்மனைக்கு அழைத்துப் போனது. விரைந்து ஓடும் குதிரை கடுமான். வேகமாக வரும் வெள்ளம் கடும்புனல். அங்கிருந்து வலிமை, வல்லமை என்று பொருள் விரிந்தது. கரூருக்கு அருகே புகலூர் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ என்று சேர அரசர்களைப் பெயர் சொல்கிறது. சங்கப் புலவர் வரிசையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ இருக்கிறார். களப்பிரர் காலத்துக்குப் பின் பாண்டிய ஆட்சியை மீட்டவன் என்று வேள்விக்குடிச் செப்பேடு சொல்லும் அரசன் பெயர் கடுங்கோன், ஆறாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவன். பெற்ற பிள்ளைக்குக் கடு என்று பெயர் வைத்தார்கள் என்றால் அந்தப் பெயர்களில் அதற்கு வெறுப்பின் சாயல் இல்லை என்றுதானே பொருள்.

பக்கத்து மொழிகளில் இந்த வேர் வேறு வேறு வழியில் போனது. தெலுங்கில் ‘கடு’ என்றால் வெறுமனே ‘மிக’. கன்னடத்தில் பரம ஏழையைச் சொல்ல ‘கடு’வை முன்னால் சேர்ப்பார்கள். மலையாளத்தில் முகத்தை இறுக்கிக்கொள்வதை ‘முகம் கடுப்பிக்குக’ என்பார்கள். அந்த மொழியோடு ஒட்டி வாழும் குமரிக்காரர்களுக்கு அது வேற்று வழக்காகவே படாது.

தமிழில் சொல் அரண்மனையிலிருந்து இறங்கிப் பேச்சுக்குள் நுழைந்ததைத் திருக்குறளில் தெளிவாகப் பார்க்கலாம். ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தில் வள்ளுவர் ஆள்பவனின் நடத்தையைப் பேசுகிறார். காண்பதற்கு அரியவனாக, கண்டாலும் இனிமையற்ற முகத்தோடு இருப்பவனின் செல்வம் பேய் கண்டு காத்த செல்வத்துக்குச் சமம் என்கிறார். கடுஞ்சொல்லும் இரக்கமின்மையும் உடையவன் பெருஞ்செல்வம் நிலைக்காது என்கிறார். கடுமொழி அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கிறார். அரசனுக்குப் பெருமை தந்த ‘கடு’, அவன் வாயில் ஏறியதும் அவனையே அழிக்கும் கருவியாகிவிட்டது. கன்னியாகுமரிக் கடலில், அதிகாரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் 133 அடி உயரத்தில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட சிலையைப் பார்க்கப் படகேறுகிறவர்கள், அந்த அதிகாரங்களில் ஒன்று ஆள்பவனின் முகத்தையும் வாயையும் பற்றிப் பேசுகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

வள்ளுவருக்கு முன்னரே தமிழ்ப் புலவர்கள் முகத்தை அளந்தவர்கள். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் வேண்டிப் போன பெருஞ்சித்திரனாரை அவன் நேரில் காணவில்லை. பரிசை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். காணாமல் தந்த பொருளை வாங்கிப் போக நான் வாணிகப் பரிசிலன் அல்லன், என் தகுதி அறிந்து தந்தால் தினையளவு போதும் என்ற கருத்தில் அவர் பாடியது புறநானூற்றில் 208-ஆம் பாட்டாக இருக்கிறது. வறுமையில் வந்தவர், கைக்கு வந்த பொருளைத் தள்ளுகிறார். அதியமான் அவரை வையவில்லை, விரட்டவில்லை, முகம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு குறையை நிறைந்த பரிசாலும் ஈடுகட்ட முடியாது என்று ஒரு புலவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதி வைத்திருக்கிறார்.

நாஞ்சில் நாட்டுக்கு அதே நூலில் வேறொரு முகம் கிடைத்திருக்கிறது. நாஞ்சில் மலைக்குரியவன் நாஞ்சில் வள்ளுவன். விறலியர் பறித்து வந்த கீரையோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி கேட்டார் ஔவையார். அவன் யானையைக் கொடுத்தான். இப்படியும் அளவறியாமல் கொடுப்பார்களா என்று ஔவை வியந்து பாடினார். கேட்டவர் வாய் மூடும் முன்னே மலர்ந்துவிட்ட முகம் அது. இலக்கியத்தில் இந்த நாட்டுக்குப் பதிவான முதல் முகங்களில் ஒன்று அதுவாக இருப்பது இந்த ஊர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி.

சரி, ‘கடு’ எப்போது ‘கடுகடு’ ஆயிற்று? ஆண்டு சொல்ல முடியாது, காரியத்தைச் சொல்லலாம். தமிழ் ஒரு சொல்லை இரட்டிக்கும்போது அதை நிகழ்ச்சியாக மாற்றுகிறது. சலசல, படபட, முணுமுணு என்பவை பொருளைச் சுட்டுவதைவிட நடப்பதைக் காட்டுகின்றன. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தொல்காப்பியம் வகுத்த விதி அது. கடுகடு அந்த விதிக்குள் ஒரு தனிப் பிள்ளை. பிரித்தால் காரம் நிற்கும், வலி நிற்கும். முகம் மட்டும் போய்விடும். ‘கடு முகம்’ என்று சொல்லிப் பாருங்கள், அதில் சிலையின் இறுக்கம் இருக்கிறது. ‘கடுகடுத்த முகம்’ என்று சொன்னால் தாடை அசைவதும் கண் விலகுவதும் தெரிகிறது.

அதன் உறவுக்காரச் சொற்களையும் பக்கத்தில் வைத்தால் இதன் இடம் இன்னும் துலங்கும். ‘வெடுக்கென்று’ ஒரே நொடியில் முடிந்துவிடும். ‘சிடுசிடு’ என்பதில் எரிச்சல் வாய்வழி வெளியே வரும். ‘உம்மென்று’ இருப்பவர் தன் வருத்தத்துக்குள் இருப்பவர், சமாதானம் சொல்லித் தேற்றலாம். ‘பட்டும் படாமலும்’ பேசுகிறவர் விலகி நிற்கிறவர். ‘கடுகடுவென்று’ இருப்பவரிடம் வாய் பேசாது, முகம் பேசும். அதுவும் ஒரு நொடியோடு போகாது, நீடித்து நிற்கும். பகை என்று சொல்லும் அளவுக்கு எதுவும் நடந்திருக்காது. நட்பு என்று சொல்லவும் இடம் இருக்காது.

நீடித்து நிற்கும் இந்த முகத்துக்கு நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஒரு வரலாறு உண்டு. இங்கே வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி உரிமை நடந்தது. குடும்பத் தலைவரான காரணவருக்குப் பின் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அவர் மக்களுக்குக் கிடைக்கும் சிறு பங்குக்கு ‘உகந்துடைமை’ என்று பெயர். உகந்து கொடுப்பது என்று பெயர் சொன்னாலும் அதற்காக வழக்குமன்றம் ஏறியவர்கள் பலர். ஒரே கூரையின் கீழ் உரிமை உள்ளவரும் இல்லாதவரும் முகம் பார்த்து வாழ வேண்டிய ஏற்பாடு அது. தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்த வாழ்க்கையை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று பாடினார். 1917-18-ல் ‘தமிழன்’ இதழில் அது தொடராக வந்தது. கதையைச் சொல்வது ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. மாமியும் மூத்த மனைவியரும் கூடிய வீட்டில் ஒரு பெண் நாள்தோறும் எதிர்கொண்டதை அவள் வாயாலேயே சொல்ல வைத்ததுதான் கவிமணியின் பெரிய காரியம். எந்தப் புகார் மனுவிலும் எழுத முடியாத வீட்டு முகங்கள் அங்கே எழுத்தில் ஏறின. 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்து உரிமை முறையை மாற்றியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி உருவானதும் அதே காலத்தில்தான். அதன் முதல் பகுதி 1924-ல் வெளிவந்தது. திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1926-ல் பதிப்பாசிரியரானார். 1936-ல் ஆறு தொகுதிகளும் முடிந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் ஏறியிருந்தன. அந்தப் பணிக்குத் துணை நின்றவர்களில் கவிமணியும் ஒருவர். பண்டிதர் சொல்லும் சமையற்கட்டுச் சொல்லும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் நூல் அது. காரமும் வலியும் சினக் குறிப்பும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை அப்படிப்பட்ட பக்கங்களில்தான் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அன்பு சூடானது, விலகல் குளிர்ந்தது. 1946-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர், ஒரு மனிதரைப் பற்றிய பண்புப் பட்டியலில் ‘கதகதப்பானவர்’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் ‘குளிர்ந்தவர்’ என்று மாற்றினார். கேட்டவர்கள் மனத்தில் அந்த மனிதரே வேறு ஆளாக மாறிவிட்டார். அதே சோதனையைத் தோவாளையில் செய்தால் முடிவு தலைகீழாகலாம். இங்கே குளிர்ந்தவர்தான் நல்லவர். கண் குளிரப் பார்க்கிறோம், உள்ளம் குளிர வாழ்த்துகிறோம், அருளைத் தண்ணளி என்கிறோம். கோபக்காரர் எரிந்து விழுகிறார், சுடுசொல் சொல்கிறார். ‘அவனுக்குக் குளிர் விட்டுப்போச்சு’ என்று அச்சத்தைக் குளிராகச் சொல்வதும் உண்டு, ஆனால் அன்பின்மையைக் குளிராகச் சொல்லும் பழக்கம் இங்கே ஊறவில்லை. முத்தாரம்மன் கொடை நடக்கும் ஊர்களில் வில்லுப்பாட்டில் அம்மன் கதை கேட்டு, மஞ்சள் நீராடி, இளநீர் படைப்பதெல்லாம் அவள் வெம்மை தணிந்து குளிர வேண்டும் என்பதற்காக. தெய்வத்திடமே குளிர்ச்சியை வேண்டிக்கொள்ளும் நாடு இது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மோதாமல் மோதியபோது தமிழ்ப் பத்திரிகைகள் ‘பனிப்போர்’ என்ற சொல்லை வழக்கில் விட்டன. இன்று கட்சிக்குள் இருவர் பேசாமல் இருந்தாலும் பனிப்போர் என்கிறார்கள். செய்தித்தாளில் அது நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் சம்பந்தி வீட்டார் முகம் கொடுக்கவில்லை என்று சொல்ல வரும் ஒரு நாஞ்சில் நாட்டுப் பெண் வாயில் பனி வராது. “போன உடனே மூஞ்சிய கடுகடுண்ணு வச்சுக்கிட்டா” என்றுதான் வரும்.

ஏன் காரம்? அதன் பதில் சொல்லின் பயணத்துக்குள்ளேயே இருக்கிறது. குளிர்ந்த முகம், இறுகிய முகம் என்றெல்லாம் சொல்லும்போது காட்டுகிறவரின் நிலையைச் சொல்கிறோம். கடுகடு என்பது அந்த முகத்தைப் பார்க்கிறவரின் உடம்பில் நேர்வதைச் சொல்கிறது. காரம் பட்ட நாக்கும் தேள் கொட்டிய விரலும் எதிரில் நிற்பவருடையவை. அவருக்கு நேர்ந்த வலியின் பெயரையே எதிர் முகத்துக்குச் சூட்டியிருக்கிறது தமிழ். முகர்ந்தால் அனிச்சம் வாடும், முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று வள்ளுவர் சொன்னதும் இதே பக்கம் நின்றுதான். நட்பின்மையை அளக்கும்போது இந்த மொழி விருந்தினரோடும் இரந்து வந்தவரோடும் சேர்ந்து நிற்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஓர் அலுவலகக் கவுண்டர் முன்னால் போய் நிற்கலாம். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொண்டுவந்த ஒரு கிழவி வரிசையில் நிற்கிறாள். மஞ்சள் பைக்குள் ஆதாரும் ரேஷன் கார்டும் நகல்களும் இருக்கின்றன. காலையில் முதல் பஸ்ஸில் வந்தவள். முறை வந்ததும் ஜன்னலுக்குள்ளிருந்து முகம் நிமிராமல் “இது இங்க இல்ல” என்று பதில் வருகிறது. எங்கே என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு சொல்கிறாள்: “நின்னு நின்னு காலு கடுக்கு மக்கா. அவரு மூஞ்சி கடுகடுண்ணு இருக்கு. நாளைக்கு வரணுமாண்ணுகூடக் கேக்க முடியல.” கால் கடுக்க நின்றவளும் கடுகடுத்த முகமும் ஒரே வேரின் இரண்டு முனைகள். நடுவில் ஒரு ஜன்னல் கம்பி.

குமரி மாவட்டத்துக்கு இந்த ஜன்னல் புதிதல்ல. திருவிதாங்கூர் ஆட்சியில் தமிழர் தங்கள் மொழியில் கல்வியும் அலுவலக நடைமுறையும் வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். தன் மொழி அறியாத அலுவலகத்தின் முன் நிற்கும் குடியானவனின் மனக்குறை அந்தப் போராட்டத்தின் அடியில் இருந்தது. 1954-ல் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அலுவலகத்தின் மொழி மாறியது. அலுவலகத்தின் முகம் மாறுவதற்குச் சட்டம் போதாது, அது அன்றாடம் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கையில் இருக்கிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்தச் சொல் மறுபடி ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் ‘செம கடுப்பு’ என்கிறார்கள், ‘கடுப்பேத்தாத’ என்கிறார்கள். பஸ் வராவிட்டால் கடுப்பு, போனை எடுக்காவிட்டால் கடுப்பு. மொழி கெட்டுவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. வலியாகத் தொடங்கிய சொல் மறுபடி வலிக்கே திரும்பியிருக்கிறது. முன்பு உடம்பில் கடுத்தது இப்போது மனத்தில் கடுக்கிறது. ‘எனக்குக் கடுப்பா இருக்கு’ என்று சொல்லும் பிள்ளை, அந்தக் கிழவி வேப்பமரத்தடியில் மட்டும் சொல்ல முடிந்ததை நேரடியாகச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் தன் பெயரில் பேச ஒரு சொல் கிடைத்திருப்பது நல்லதுதான்.

நமக்கு வேண்டியது, ‘கடுகடு’வை யார் மேல் வைக்கிறோம் என்ற கவனம். அதிகாரியின் முகத்தைவிட அதிகமாக இந்தச் சொல் விழுவது மருமகள்கள் மேலும், மருத்துவமனைச் செவிலியர் மேலும், பஸ் கண்டக்டர் மேலும், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காமார் மேலும்தான். ஜன்னலுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் கடுகடுப்பும், விடியுமுன் எழுந்து அடுக்களையில் நிற்பவளின் கடுகடுப்பும் ஒன்றல்ல. முன்னது இன்னொருவரைக் கால் கடுக்க நிற்க வைத்தது. பின்னது தன் கால் கடுத்துக் கடுத்து முகத்துக்கு ஏறியது. சொல் வந்த வழியும் அதுதானே, முதலில் வலி, பிறகு முகம். அதிகாரத்தில் இருப்பவரிடம் முகத்துக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு, வள்ளுவரே கேட்டிருக்கிறார். வீட்டில் இருப்பவளிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி: “எங்க பிள்ளே கடுக்கு?”